முட்டைப் பந்தும் வலது தோளும்

எங்கள் ஊரில் வளர்ந்த ஆண்பிள்ளை விடியற்காலையில் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யார் வீட்டிலோ உயிர் போயிருக்கும். இல்லையென்றால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும். உடம்பைத் தேற்றுவதற்காக ஒருவன் ஓடுவான் என்பது ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் அன்றைக்கு யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. இருபத்தெட்டு வயதில் கம்பெனி சொல்லித்தான் ஓடினேன்.

முதல் நாள் அரை டிராயரோடு நான் ஏரிக்கரை மேல் ஓடுவதைப் பார்த்து, கழனிக்குத் தண்ணீர் திருப்பப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் கூடவே ஓடிவந்தார்கள். “எந்தப் பக்கம் போச்சு?” என்று ஒருவர் இரைக்க இரைக்கக் கேட்டார். “இன்னாது?” என்றேன். “மாடுதாம்பா!” என்றார். மாடெல்லாம் இல்லை, நான் சும்மா ஓடுகிறேன் என்றதும் இரண்டு பேரும் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “வூட்ல எதுனா சண்டையா?” என்று தணிந்த குரலில் கேட்டார்கள். மறுநாளிலிருந்து கையில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மாட்டைத் தொலைக்கிற கேனையன் என்று பெயர் வந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அப்போது விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கம்பெனிகள். லாரிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்கிற ஒன்றில் நான் பிரஸ் ஷாப்பில் ஹெல்பர். தகட்டைத் தூக்கி மெஷினில் வைக்க வேண்டும், அடித்து வெளியே வந்ததை எடுத்துத் தலைக்கு மேலே இருக்கிற ரேக்கில் அடுக்க வேண்டும். டெம்பரரி வேலை. ஆறேழு மாதம் ஓடும். அப்புறம் ‘பிரேக்’ என்று சொல்லிப் பெயரை அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டால் மறுபடியும் புது ஆளாகச் சேர வேண்டும். அப்படி நான்காவது தடவையாகப் புது ஆளாகியிருந்தேன். பிரேக் விட்ட நாட்களில் என் மனைவி நடவுக்கும் களையெடுக்கவும் போவாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பேன். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். பர்மனென்ட்.

அந்த வருஷம் கல்கத்தாவிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். காலேஜ் நாளிலிருந்தே ரக்பி ஆடியவராம். துணிமணியோடு ஒரு நீளப் பந்தையும் கொண்டுவந்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் நின்று, ஒரு டீம் சேர்க்கப்போகிறேன், ஆடி மாதம் மெட்ராஸில் ஒரு கிளப்போடு மேட்ச், நன்றாக ஆடுகிற டெம்பரரி ஆட்கள் பெயரை பர்மனென்ட் லிஸ்டுக்கு நானே எழுதி அனுப்புகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். சூப்பர்வைசர் அதைத் தமிழில் சொன்னார். கடைசி வரி வந்ததும் நான் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் போனோம். கம்பெனிக்குப் பின்னால் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. பந்தைப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, எந்தக் கோழி போட்டுச்சு?” என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. மேனேஜர் எங்களை ஏரியைச் சுற்றி இரண்டு தரம் ஓடச் சொன்னார். சிரிப்பு அதோடு நின்றது. அடுத்த வாரம் பதினெட்டுப் பேர்தான் வந்தோம். அதில் ஒருவன் வாலாஜாபாத்காரன். லோடிங்கில் வேலை, என்னைப் போலவே டெம்பரரி. ஆள் நெற்குதிர் கணக்காக இருப்பான். வரமாட்டேன் என்றவனை நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போய் அவமானப்பட எனக்குப் பயமாக இருந்தது.

இதுவரை ஏதாவது ஆடியிருக்கிறாயா என்று மேனேஜர் சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். சடுகுடு ஆடியிருக்கிறேன் சார் என்றேன். பொய் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் சுற்றுப்பட்டு ஊர்களில் பொங்கலுக்குப் போட்டி என்றால் பாடிப் போக என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். பிடித்தால் விடமாட்டாய், பிடிபட்டால் திமிறுவாய், ரக்பிக்கு வேறென்ன வேண்டும் என்று முதுகில் தட்டினார்.

ஆனால் அந்தச் சடுகுடுதான் எனக்கு எமனாக வந்தது. பாடிப் போகிறவன் எதிராளி எல்லைக்குள் கால் வைத்ததிலிருந்து திரும்பி வருகிறவரைக்கும் ஒரே மூச்சில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் அவுட்டு. பத்து வருஷம் அப்படி ஆடிய உடம்பு. பந்து கைக்கு வந்து எவனாவது எதிரே வந்தால் போதும், என்னை அறியாமல் மூச்சு நின்றுவிடும். உதடு தானாக ‘சடுகுடு, சடுகுடு’ என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். பத்துப் பதினைந்து எட்டு வைப்பதற்குள் கண் இருட்டி, பந்தோடு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். சும்மா ஏரியைச் சுற்றி ஓடு என்றால் ஓடுவேன். பந்தைக் கொடுத்தால் செத்தேன்.

“மூச்சு விடு! மூச்சு விடு, மேன்!” என்று மேனேஜர் கத்துவார். அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் அதுதான். வாலாஜாபாத்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். “மச்சான், அங்க எவனும் உன்ன பாடச் சொல்லல. வாயத் தொறந்துகினு ஓடு.”

கடைசியில் மேனேஜரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் பந்தோடு ஓடும்போது பக்கத்தில் கூடவே ஓடிக்கொண்டு அரைகுறைத் தமிழில் கேள்வி கேட்பார். பெயர் என்ன? ஊர் என்ன? இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொன்னால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும். நெருஞ்சி முள்ளும் வெடிப்புமாகக் கிடந்த அந்த ஏரிக்குள், ஆறு நாள் மெஷினோடு மாரடித்துவிட்டு வந்த நான், “பழைய சோறு சார், ஊறுகாய் சார்” என்று கத்திக்கொண்டு ஓடினேன். மாடு மேய்க்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வெட்கத்தை எல்லாம் எப்போதோ உதிர்த்தாயிற்று.

பழைய சோறு என்ற பதில் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. முட்டை சாப்பிடு, இல்லாவிட்டால் உடம்பு நிற்காது என்றார். என் மனைவியிடம் சொன்னேன். மறுநாளே இரண்டு பெட்டைக் கோழி வாங்கிவந்தாள். அவை இட்ட முட்டை ஒன்றையும் அவள் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. வேகவைத்து உரித்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் விழுங்கி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். வாரத்துக்கு ஒருமுறை என் தொடையையும் புஜத்தையும் அழுத்திப் பார்ப்பாள். சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பார்களே, அது மாதிரி.

“சத ஏறிக்கீதா மே?” என்பேன்.

“எங்க ஏறிக்கீது? தின்ற முட்டயெல்லாம் எங்கதான் போவுதோ,” என்பாள். அப்புறம் மெதுவாக, “இந்த வாட்டி லிஸ்ட்ல பேரு வந்துடும் இல்ல?” என்று கேட்பாள். வரும் என்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பயம் அதிகமாகிக்கொண்டு போனது.

வைகாசி முடியும்போது உடம்பு நிஜமாகவே கட்டுக்கு வந்திருந்தது. ரிப்பேராகிக் கிடந்த கம்பெனி லாரியை எட்டுப் பேர் சேர்ந்து தோள் கொடுத்து ஏரிக்கரைவரை தள்ளினோம். பந்தை வைத்துக்கொண்டு மூச்சு விட்டு ஓடப் பழகியிருந்தேன். இந்த முறை நடந்துவிடும் என்று முதல்முதலாக நம்பினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நம்பிக்கையாக இருந்த மாதம் அது ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல்தான் வருகிறது.

மெட்ராஸ் மைதானத்தில் புல் இருந்தது. புல்லின்மேல் ஒருநாளும் ஓடாதவர்கள் நாங்கள். கான்வாஸ் ஷூ வழுக்கிற்று. எதிர் டீம்காரர்கள் அடியில் குமிழ் வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, எங்களை முட்டித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர்கள். நாங்கள் மாசியில் ஆரம்பித்தவர்கள். பாதி ஆட்டம் முடிவதற்குள் எங்கள் கணக்கு தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஒரே ஒரு தடவையாவது நாங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திவிட்டால் போதும் என்று மேனேஜர் நடுவில் வந்து கெஞ்சினார். ஒரு தடவை. மெட்ராஸ்காரன் வாயை அடைக்கலாம். செய்கிறவன் பெயர் லிஸ்டில் முதலில் இருக்கும் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

ஆட்டம் முடியப்போகிற சமயம். வாலாஜாபாத்காரனை நான்கு பேர் மொய்த்துக்கொள்ள, அவன் பந்தைப் பின்னால் நின்ற என்னிடம் தள்ளினான். இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். மூச்சு வந்தது, போயிற்று. ஒருவனை ஏமாற்றினேன், இன்னொருவனை இடித்துத் தள்ளினேன். எதிரே வெள்ளைக் கோடு. அப்போதுதான் பின்னாலிருந்து மூன்று பேர் வந்து என் இடுப்பையும் காலையும் பிடித்தார்கள். குப்புற விழுந்தேன். கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வலது கை சும்மா இருந்தது. இழுத்துப் பிடித்த மூன்று பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எக்கி, வலது கையை நீட்டிக் கோட்டைத் தொட்டேன்.

தொட்டுவிட்டேன். விரல் நாலும் சுண்ணாம்பில் இருந்தது. சடுகுடுவில் எத்தனை பேர் அமுக்கிப் பிடித்தாலும், மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டுவிட்டால் போதும், பிடித்தவன் அத்தனை பேரும் அவுட்டு. அந்த மூன்று பேரும் அவுட்டு என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. மூளையைக் கேட்கவே இல்லை. இடது கையிலிருந்த பந்தை விட்டுவிட்டேன். விசில் ஊதுவார்கள் என்று புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

விசில் வரவில்லை. பந்தை எவனோ அள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடினான். அவனைத் தொடர்ந்து பாய்ந்த இன்னொருவன் நீட்டிக் கிடந்த என் வலது தோளின்மேல் மொத்தமாக விழுந்தான். உள்ளே என்னவோ கழன்ற சத்தம் எனக்கே கேட்டது.

மேனேஜர் வந்து பக்கத்தில் குந்தினார். “ஏன் விட்டே? பால் ஏன் விட்டே?” என்றார். வாலாஜாபாத்காரன்தான் கையையும் காலையும் ஆட்டி, சடுகுடு, கோடு, அவுட்டு என்று அவருக்குப் புரியவைத்தான். புரிந்ததும் அவர் பகபகவென்று சிரித்துவிட்டார். பிறகு என் தோளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். எனக்கு அவர்மேல் அன்றைக்குக் கோபமில்லை. எனக்கே சிரிப்பு வரத்தான் செய்தது, வலிதான் விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. கம்பெனியில் ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்பார்கள், எழுத்தில் வந்துவிடும், தோள் போனவன் என்று தெரிந்தால் லிஸ்டில் சேர்ப்பார்களா என்று பயம். ஊர்ப்பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். அவர் இழுத்து உட்காரவைத்து, முட்டை வெள்ளையைத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். தின்றது போதாதென்று மேலுக்கும் முட்டையா என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே எனக்குப் பிரேக் விட்டார்கள். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, கட்டோடு யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வாலாஜாபாத்காரன் சைக்கிளில் வந்தான். லிஸ்டில் இரண்டு பேர்தானாம். அவன் ஒருவன், நான் ஒருவன். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் மெடிக்கல், அதில் பாஸானால் ஆர்டர். என் மனைவி அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரையை அள்ளிப் போட்டிருக்கிறாள், அவன் முகத்தைச் சுளிக்காமல் குடித்தான்.

கட்டு அவிழ்த்தபோது கை மார்புக்கு மேல் எழவில்லை. இரண்டு வாரம் அந்தக் கையை நானும் அவளும் சேர்ந்து தூக்கினோம். அடுப்பில் எண்ணெயைக் காய்ச்சித் தோளில் தேய்ப்பாள். சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு, விரலால் சுவரைப் பிடித்து ஏறி அதைத் தொடு என்பாள். தொட்டதும் அழித்துவிட்டு நாலு விரல் மேலே இன்னொன்று போடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். மெடிக்கலுக்கு முந்தின நாள் கை காதைத் தாண்டிவிட்டது. “மூஞ்சக் கோணாதயா, டாக்டரு மூஞ்சயும் பாப்பாரு,” என்றாள். கண்ணாடி எதிரே நின்று முகத்தையும் பழகினேன்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். “நல்ல உடம்பாச்சே, எதாவது ஆடுவியா?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். தூக்கினேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி என்று எழுதப்போனவர், பிரஸ் ஷாப்பா என்று கேட்டுவிட்டு, கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஷாப் துண்டுதான், தினம் நூறு தரம் தூக்கியது. அதை அலமாரி மேல்தட்டில் வை என்றார்.

தோள்வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. இடது கையைக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்தேன், “ஒரு கைதான்,” என்றார். துண்டு வலது கை விரலிலிருந்து நழுவி டமாரென்று விழுந்தது. நானே போய்க் குனிந்து எடுத்தேன், இன்னொரு தரம் வைத்துப் பார்க்கிறேன் சார் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எப்படி ஆச்சு?”

“ஆடறப்ப சார். கம்பெனி டீம்ல.”

“கம்பெனியிலயா? என்ன ஆட்டம்?”

சொன்னேன். அப்படி ஒரு டீம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பாவமாக இருக்கிறது என்று அவர் வாய்விட்டே சொன்னார். ஆனால் எழுத வேண்டியதைத்தான் எழுதினார்.

வாலாஜாபாத்காரன் பாஸானான். ஏரியை ஒரு தடவைகூட முழுசாகச் சுற்றி ஓடாதவன். அவன் நல்லவன், என்னிடம் கண்ணைப் பார்த்துப் பேசவே கூச்சப்பட்டான். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொன்னால் பொய். மேனேஜர் அடுத்த லிஸ்டில் பார்க்கலாம் என்றார். அடுத்த லிஸ்டுக்கு முன்னால் அவரையே கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரேக்கிலிருந்து என்னைக் கம்பெனி திரும்பக் கூப்பிடவே இல்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

மெடிக்கல் முடிந்து வீட்டுக்குப் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. என் மனைவி அன்றைக்குக் களையெடுக்கப் போகாமல் வாசலிலேயே இருந்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“ஒடம்பு நல்லாக் கீதுன்னாரு.”

“அப்புறம்?”

“கை தூக்கலன்னு எழுதிட்டாரு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, “எங்க, தூக்கு,” என்றாள். தூக்கினேன். கை காதைத் தாண்டி, நேராக மேலே போய் நின்றது. வலிகூட அவ்வளவாக இல்லை.

“தூக்குதேயா!” என்றாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “நல்லாத்தான தூக்குது. அந்தாளு சரியாப் பாக்கல. நாளிக்கிப் போயி இதே மாரி தூக்கிக் காட்டு, நானும் வரேன்.”

இரும்புத் துண்டைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றவரைக்கும் கையை இறக்கவில்லை.